கப்பல்காரர் கடையில் அரைவேக்காடு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் அக்கா வீட்டாரும் சுகம். நீயும் சுகம் என்று அப்பா சொல்கிறார், அவர் பேச்சை நம்பித்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். இரண்டு மாதமாக உன் குரலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்கிறேன். நீ போன் செய்ததும் அப்பா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்பேன். காதில் விழுவதெல்லாம் ம், சரி, பார்க்கலாம் என்பதுதான், அதை வைத்துக்கொண்டு நான் என்ன தெரிந்துகொள்ள முடியும். நானே போனை வாங்கிப் பேசலாம், ஆனால் போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடும், போன தடவை ஓடியதே போதும். கடிதமென்றால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம், ஏற்கெனவே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

நம் கட்டடத்து லிஃப்டை மூன்றாவது முறை பழுது பார்த்திருக்கிறார்கள், மெக்கானிக் கழற்றிய திருகையே துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டுப் புதுசு என்கிறான் என்று எனக்குச் சந்தேகம், அதனால் படியேறித்தான் போய் வருகிறேன். என் கண்ணுக்கு டாக்டர் மாற்றிக் கொடுத்த சொட்டு மருந்தும் பழைய மருந்தும் ஒரே மணம், பெயர்தான் வேறு. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நடந்துவிட்டு வருகிற மனுஷன் சட்டையில் பூண்டு வாசனை வருமா? வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பசியில்லை என்று தட்டைத் தள்ளுவதும் நடந்தது. கார்மெண்ட்ஸில் முப்பது வருஷம் செக்கிங் டேபிளில் இருந்தவள் நான், உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் ஒரு சட்டையையும் பாஸ் பண்ணியதில்லை, கட்டிய புருஷன் சட்டையை விட்டுவிடுவேனா. துவைக்கப் போடும்போது பார்த்தேன், மூன்றாவது பொத்தானுக்குக் கீழே சிவப்பாக எண்ணெய்க் கறை. கேட்டதும் மனுஷன் மறுபடி செருப்பை மாட்டப் போனார்.

கடைசியில் உண்மை வந்தது. நம் தெரு முடிகிற இடத்தில், பஸ் நிற்கிற கொட்டகைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்குமே, அதில் கடைசியாகப் புதுக்கடை ஒன்று வந்திருக்கிறது. இத்தாலிச் சாப்பாடு, எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் என்று பலகை. நடத்துகிறவரைக் கப்பல்காரர் என்று கூப்பிடுகிறார்கள், பயணிகள் கப்பலில் பன்னிரண்டு வருஷம் சமையல்கட்டில் இருந்தாராம். அப்பா தினமும் அங்கே போய் பாஸ்தா சாப்பிட்டிருக்கிறார். எதற்கு இந்த வயசில் என்று கேட்டால், நம்ம பையன் அங்க நாள் பூரா என்னதான் பண்றான்னு தெரிஞ்சுக்க வேணாமா, அதான் சாப்பிட்டுப் பாக்கறேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. சொல்லாமல் போனதற்கா, அந்தப் பதிலுக்கா என்று இப்போதும் தெரியவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் நாற்காலியை விட்டுவிட்டு இத்தாலிச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் அடுப்படியில் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. முப்பத்தொரு வயசாகியும் இப்படி அரைவேக்காடாகவே இருக்கிறாயே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கப்புறம் நீ அப்பாவிடம் ஒன்று கேட்டாயாம், யாராவது விசாரிச்சா நான் என்ன வேலை பாக்கறேன்னு அம்மா சொல்றாங்க என்று. அப்பா அதை என்னிடம் வந்து கேட்டார், நான் காதில் விழாத மாதிரி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் உனக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்துவிட்டேன். லிஃப்டில் ஏறாமல் படியில் போவதற்குத் திருகு மட்டும் காரணமில்லை, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் யாராவது உன்னைப் பற்றிக் கேட்பார்கள்.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பாஸ்தாவில் என்று ஒருநாள் அப்பாவை ஒரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னேன். முதலில் விலையைக் கேட்டுத்தான் எனக்குச் சந்தேகம். அத்தனை தூரத்துச் சாப்பாட்டை, இத்தனை மலிவாக, இந்தக் கொட்டகைக்குக் கீழே ஒருவர் கொடுக்கிறார் என்றால் எங்கேயோ எதையோ குறைக்கிறார் என்று அர்த்தம், துணியிலும் அப்படித்தான், மலிவு என்றால் உள்தையலைப் பார்க்க வேண்டும். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துப் பாதி கடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் நினைத்தது சரிதான். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி, மாவு வேகவே இல்லை. இதைத்தான் மனுஷன் ஒரு மாதமாக வயிற்றில் போட்டிருக்கிறார் என்று பதறிப்போய், மொத்தத்தையும் பாத்திரத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கால்மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டேன். மூடியைத் திறந்தால் சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பதம். அப்பா அதையும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார், நல்லாத்தான் இருக்கு என்று வேறு சொன்னார். அதிலிருந்தே தெரிந்தது எவ்வளவு மோசமாக இருந்தது என்று.

மறுநாள் சாயங்காலம் காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நானே நேரில் போனேன். போனவுடன் சண்டை போடவில்லை, முதலில் தள்ளி நின்று பார்த்தேன். கடை என்றால் ஒரு கட்டில் அகலம்தான். இரண்டு அடுப்பு, ஒன்றில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது, இன்னொன்றில் தட்டையான வாணலி. முன்னால் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. கப்பல்காரர் குட்டையான ஆள், தலையில் துணி கட்டியிருந்தார், நகம் ஒட்ட வெட்டியிருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. எண்ணெயில் பூண்டைப் போட்டார், தக்காளியைக் கையாலேயே நசுக்கிப் போட்டார். அதன் பிறகு செய்தார் பார், ஊர்ப்பட்ட பேருக்கு வேகவைத்த அந்தக் கலங்கல் தண்ணீரையே ஒரு கரண்டி மொண்டு வாணலியில் ஊற்றினார். பிடித்துவிட்டேன் திருட்டை என்று நேராக முன்னால் போய் நின்றேன். வேகாததையும் விக்கறீங்க, அழுக்குத் தண்ணியையும் ஊத்தறீங்களே என்று சத்தமாகவே கேட்டேன், நாற்காலியில் இருந்தவர்களெல்லாம் தட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாணலியைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீராக ஓடிக்கொண்டிருந்த தக்காளிச் சாறு கெட்டியாகிப் பளபளவென்று பாஸ்தாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது வடித்த கஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் துணிக்குக் கஞ்சி போட்டவளுக்கு அதை ஒருத்தர் விளக்க வேண்டியதாகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை, அந்த வெள்ளைப் புள்ளிக்கு என்ன சொல்றீங்க என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முழுசா வேகறதுக்கு முன்னாடியே எடுத்துடணும்மா, மிச்ச வேக்காடு இந்தச் சாறுலதான் நடக்கும், தண்ணியிலயே முழுசா வெந்துடுச்சுன்னா அப்புறம் அதுல ஒரு ருசியும் ஏறாது, சும்மா வெந்து கிடக்கும் என்றார். அப்போ அரைவேக்காடுதானே என்று மடக்கினேன். ஆமாம்மா அரைவேக்காடுதான், அந்தப் பக்குவம் தெரியறதுக்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விட்டார்.

உன்னைத் திட்டுவதற்கென்று நான் பொறுக்கி எடுத்த வார்த்தை அது, அதை அந்த மனுஷன் ஒரு தொழில் சுத்தம் மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார். ஏழு வருஷம் அந்த ஆபீஸில் இருந்தாயே, ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் மூன்றாம் நாளிலிருந்தே உன் முகம் வாடும், திரும்பிப் போக வேண்டுமே என்று. அதைப் பார்த்துக்கொண்டேதான் நல்ல வேலை, நல்ல வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தையல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, சட்டை உனக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. அந்தக் கால் சரியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சூடாக இருந்தது, பல்லில் கொஞ்சம் எதிர்த்தது, உறைப்புப் போதவில்லை. மேலே தூவுகிற சீஸ் காலுறை நாறுகிற மாதிரி நாறுகிறது, அது கெட்டுப்போனதில்லை என்று அவர் சத்தியம் செய்தாலும் நான் நம்பத் தயாராக இல்லை. அவர் கப்பலில் போனார் என்பதிலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் உருளைக்கிழங்கு மூட்டையைப் பற்றியே பேசுகிறார். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். அவர் முன்கையெல்லாம் சூடு பட்ட தழும்பு. அப்பா காட்டிய போட்டோவில் நீ அடுப்படியில் முழுக்கைச் சட்டையோடு நிற்கிறாய், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்று அப்பா சொன்னார், நான் அப்போதே நம்பவில்லை.

கைகழுவிக்கொண்டிருக்கும்போது மாடிவீட்டு நர்ஸ் வந்தாள், டூட்டி முடிந்து வாரம் இரண்டு நாள் அங்கேதான் சாப்பிடுவாளாம். என்னைப் பார்த்ததும் பையன் எப்படி இருக்கான் ஆன்ட்டி, அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ்லதானே என்று கேட்டாள். கப்பல்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாற்காலியில் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இல்லம்மா, அவன் சமையல் வேலை பாக்கறான், இதே மாதிரி இத்தாலிச் சாப்பாடு, இதைவிடப் பெரிய கடை என்றேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தெரியும் ஆன்ட்டி, சேர்ந்த அன்னிக்கே அங்கிள் எங்க எல்லாருக்கும் போட்டோவைக் காட்டிட்டாரு, நீங்க ஆபீஸ்னு சொன்னீங்களேன்னுதான் நாங்களும் அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தோம் என்றாள். கப்பல்காரரும் தலையாட்டினார், உன் போட்டோ அவர் போனிலும் இருக்கிறதாம். ஆக இரண்டு மாதமாக நம் கட்டடத்தில் அத்தனை பேரும் மரியாதைக்காக என் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், பதவி உயர்வுக்கு வாழ்த்து வேறு சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்து ஒரு மூச்சு திட்டினேன். அதன்பின் அந்தப் போட்டோவை என் போனுக்கும் அனுப்பச் சொன்னேன்.

எனக்கு எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் முதலாளியம்மா நேரத்துக்கு விடுகிறாளா, நின்று நின்று காலில் நரம்பு புடைக்கிறதா, ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு நீ என்ன சாப்பிடுகிறாய், எல்லாவற்றையும் எனக்கு எழுது, அப்பாவிடம் போனில் சொல்கிற மாதிரி மேலோட்டமாக வேண்டாம். சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தழும்பு இருந்தால் இருக்கட்டும், மறைக்காதே. அன்றைக்குச் சொன்னதற்கு மன்னித்துக்கொள், அம்மா தெரியாமல் சொல்லவில்லை, தெரியாத ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நீ கை வைத்த காரியம் நன்றாக வரும், உடம்புக்கு ஒன்றும் வராமல், நாலு பேர் வயிறும் மனசும் நிறைந்து உன்னை வாழ்த்துகிற மாதிரி இரு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான்தான் எடுப்பேன், மறந்து அப்பாவைக் கேட்டுவிடாதே.

இந்தக் கடிதத்தை உன் அறை விலாசத்துக்கு அனுப்பவில்லை. நீ வேலை பார்க்கிற கடை விலாசத்தை அப்பாவிடம் வாங்கிக்கொண்டேன். உறையின் மேல் உன் பெயருக்குக் கீழே சமையல்காரர் என்று நம் எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே நீ இருக்கிற ஊர் எழுத்தில் அக்கா எழுதினாள். இங்கே தபாலை வாங்குகிறவரும் அங்கே கொண்டுவந்து கொடுக்கிறவரும் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
உன் அம்மா