உன் பெயரில் நிற்கும் கல்

தம்பிக்கு,

இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

நேற்று அருவிக்கு வந்த சுற்றுலாப் பேருந்தோடு, முகத்தில் துணி கட்டிய போலீஸ்காரர்கள் காவலுக்கு வந்தார்கள். ஒருவன் இடது காலை இழுத்து நடந்தான். அந்த நடை எனக்குத் தெரியாதா? உன்னை அனுப்ப வேறு அருவியே கிடைக்கவில்லையா அவர்களுக்கு?

நீ துப்பாக்கியோடு காட்டைவிட்டு வந்து போலீஸில் சேர்ந்தது உன் பழைய நக்சல் கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் எங்களை விடமாட்டார்கள் என்றுதானே, நீ செத்துவிட்டதாகச் சொல்லி அம்மா அருவிப் பாதையில் உனக்குக் கல் நட்டாள்? இப்போது ஊரெல்லாம் வந்து அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறது.

அம்மா கல்லுக்கு இலுப்பைச் சாராயம் ஊற்றும்போது ராய்ப்பூர்க்காரி ஒருத்தி கேட்டாள்: "யாருக்கும்மா இந்தக் கல்லு?"

"என் சின்னப் பையனுக்கு. செத்துட்டான்."

நீ நாலடி தள்ளி நின்றிருந்தாய். அம்மா ஏறிட்டும் பார்க்கவில்லை. வழிகாட்டி லக்மு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யாருடைய ஆளோ!

திருவிழாவுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். இந்த வருஷம் மழை அதிகம், பாதை சரியில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியபோதுதான் அம்மா வாய் திறந்தாள்: "ரொம்ப இளைச்சுட்டான்டி. அங்க சோறு சரியாப் போடறதில்லையா?"

உன் அக்கா