கடைசியாக ஏற்றுகிறவர்

மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் டால்கம் பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அந்த வாசனையோடு உங்கள் சாந்தோம் வீட்டு மாடி அறை வந்துவிட்டது. வியர்வையில் சீட்டுகள் ஒட்டாமலிருக்க, ஆட்டம் தொடங்குமுன் அவற்றின்மேல் பவுடர் தூவித் துடைப்பீர்கள்.

கேபிள் டிவி வந்த புதிது. ஊரே ஞாயிறு மதியம் படம் பார்த்துக்கொண்டிருக்க, கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தபோது கற்ற போக்கர் சீட்டாட்டத்தை எனக்கும் இன்னும் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். பணயம் புளியங்கொட்டை. நல்ல சீட்டு வந்தாலொழிய நான் ஆடமாட்டேன். அதனால் நான் பந்தயத்தை ஏற்றினால் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். ஒருநாள் என் முறை கடைசியாக வந்தது. நீங்கள் மூவரும் பந்தயத்தை ஏற்றாமல் அடக்கி ஆடியதைப் பார்த்து, கையில் ஒன்றுமில்லாமலே ஏற்றினேன். இருவர் கவிழ்த்தார்கள். நீங்கள் மட்டும் கொட்டையைப் போட்டு, காட்டச் சொன்னீர்கள். மாட்டிக்கொண்ட என்னிடம் சிரித்தபடி சொன்னீர்கள்:

“கம்முனு ஆடுறவரு மொதல்ல ஏத்துனா நம்பலாம் சார். கடைசியா ஏத்துனா சீட்டு கீதுன்னுதான் இல்ல, நாம பயந்துகினு கீறோம்னு பாத்துட்டும் ஏத்துவாரு. போட்டுப் பாத்துடணும்.”

நான் அப்படிக் கொட்டையைப் போட்டுப் பார்த்ததே இல்லை. யார் ஏற்றினாலும் கவிழ்த்துவிடுவேன். கவிழ்த்தவனுக்கு எதிராளி சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. எத்தனை முறை ஏமாந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

என் மகளைப் பெண் பார்க்க வந்த மாலை நீங்களும் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இருந்தீர்கள். அவள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் பொறியாளர். பையனைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பையனின் அப்பா வாயே திறக்கவில்லை. மண்டபம், மாதம் எல்லாவற்றுக்கும் நாங்கள் தலையாட்டி முடித்து, வெற்றிலைத் தட்டை நீட்டும் நேரத்தில் சொன்னார்:

“பொண்ணு அந்த வேலைய விட்டுடணும்.”

ஒப்புக்கொள்ளச் சொல்லி மனைவி என்னைப் பார்த்தாள். எழுந்து போகவும் முடியாது, பேச்சை மாற்றவும் முடியாது. வேலை விவரம் ஜாதகத்தோடு முன்பே போயிருந்தது. அவ்வளவு உறுதியென்றால் முதலிலேயே சொல்லியிருப்பாரே? நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“விடலைன்னா?” என்றேன்.

“வேற இடம் பாத்துக்கறோம்” என்று அவர் எழுந்துவிட்டார். அவர் கையில் உண்மையிலேயே சீட்டு இருந்திருக்கிறது.

அவர்கள் போனபின் உங்களை வழியனுப்பப் படியிறங்கும்போது, தப்பாகக் கணித்துத் தோற்றுவிட்டேன் என்றேன் உங்களிடம்.

“தோத்தீங்க. ஆனா பாத்துட்டீங்கல்ல? பாக்காம கட்டிக் குடுத்திருந்தா, பாப்பா காலத்துக்கும் அங்க மாட்டிகினு இருந்திருக்கும்.”

நீங்கள் இப்போது உயிரோடு இல்லை. இனி என் கணிப்புச் சரியா என்று கேட்க ஆளில்லை. மகள் இப்போதும் தினமும் அதே வேலைக்குத்தான் போகிறாள். அந்த மாலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நிம்மதியா, வருத்தமா? அவள் செருப்பு மாட்டும்போது முகத்தைப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். உங்களிடம் கற்றதில் எனக்கு மிஞ்சியிருப்பது போட்டுப் பார்த்துவிடுவது ஒன்றுதான். கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது.

‘போயிட்டு வாம்மா’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறேன்.