தகரத்தில் செய்த மக்தலா

இன்று காலை மருமகள் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினாள். பொம்மைகளுக்கு அடியில், பழைய வேஷ்டித் துணிக்குள் உன் கப்பல். துரு வாசனை மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் கொலு இது. அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லையடி.

அறுபதுகளில், பம்பாய் மாட்டுங்காவில், நீ கீழ் வீடு, நான் மாடி. மற்றவர்கள் கொலுவில் பூங்கா வைப்பார்கள். உனக்குத்தான் போர்க்கப்பல் வேண்டியிருந்தது. உன் கணவரின் துறைமுக ஆபீஸ் சுவரில் தொங்கிய படத்தை அவரையே வரைந்து கொண்டுவரச் சொன்னாய். அப்போதைக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் பம்பாய்த் துறைமுகத்துக்குக் காவல் நின்ற ‘மக்தலா’. இரும்புக் கவசம், இரண்டு வட்டக் கோபுரங்கள், அவற்றில் பீரங்கிகள். வனஸ்பதி டப்பாவை வெட்டி வெட்டி உன் விரலெல்லாம் காயம்.

“கொலுவுல பீரங்கியா? அம்பாள் கையில சூலம் போறாதா?” என்று அவர் கேலி செய்வார்.

“ஒம்பது நாளும் அவளே சண்டை போடணுமா? கை வலிக்காது?” என்பாய்.

ஒரு தடவை மிதக்கவிட்டுக் காட்டச் சொல்லி அவர் கெஞ்சியும் நீ அசையவில்லை. “கொலு அன்னிக்குத்தான். அதுவரைக்கும் பொறுங்கோ.”

ஆவணியில், ஆபீஸிலேயே நெஞ்சு வலித்து அவர் போய்விட்டார். உன் வீட்டில் கொலு இல்லை. கப்பலை எனக்குக் கொடுத்தனுப்பினாய். என் கொலுவில், வெண்கல உருளித் தண்ணீரில் அது மிதந்தது. அசலைப் போலவே மேல்தளம் தண்ணீரை ஒட்டியபடி. வந்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். நீ மட்டும் வரவில்லை. கூப்பிட இறங்கி வந்தேன்.

“மஞ்சள் குங்குமம் குடுக்கற இடத்துல நான் எதுக்குடி? வரவாளுக்குச் சங்கடம்.”

வந்த கோபத்தில் மாடியேறி, உருளியை அப்படியே தூக்கினேன். “கொலுவை நடுவுல கலைக்கப்படாது!” என்று மாமியார் கத்தினார். புடவையெல்லாம் நனைய, உன் சமையலறையில் கொண்டுவந்து வைத்தேன்.

விரலால் ஒரு கோபுரத்தைத் திருப்பினாய். அவர் போனதிலிருந்து அழாதவள், அப்போதுதான் உடைந்தாய்.

“ஒரே ஒரு தடவை காட்டியிருக்கலாமேடி. எத்தனை கேட்டார்!”

 

அதன் பிறகு எந்த வருஷமும் நான் நாள் பார்ப்பதில்லை. படி கட்டுவதற்கு முன்பே கப்பலை மிதக்கவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன். “என்னம்மா அவசரம்?” என்று மருமகள் சிரிக்கிறாள். இன்றும் எல்லோரையும் கூப்பிட்டேன். வழக்கம்போல ஜன்னலில் எட்டி, கீழ் வீட்டைப் பார்த்து, உன்னையும் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.