மஞ்சள் ஹெல்மெட் ஓடிய ஸ்லைடு

ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய குஞ்சிதபாதம், மகள் இசைப்பிரியாவின் லேப்டாப் மேல் ஒரு சீட்டு எழுதி வைத்தார். மைன்ஸில் அவர் எடுக்கும் சேஃப்டி வகுப்பின் ஸ்லைடுகளை அவள் புது டிசைன் ஆப்புக்கு மாற்றியதில், பழைய ஃபாண்டில் அடித்திருந்த தமிழெல்லாம் புரியாத எழுத்துகளாகிவிட்டது. நேற்று அதற்குச் சத்தம் போட்டார். அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

“இசை, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சட்னி நான் அரைச்சது, காரம் ஜாஸ்தி. அம்மா திருவதிகைலேர்ந்து பத்து மணிக்கு வந்துடும். நீ வெளிய போனா சாவிய எதிர் குவார்ட்டர்ஸ்ல குடு. பழைய ஃபைல் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு. எழுத்த நானே புது ஃபாண்ட்ல அடிச்சிக்கறேன். அப்பா.”

பூட்ஸ் மாட்டியவர் திரும்பி வந்து, சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினார்.

“கடைசி ஸ்லைடுல ஒரு மஞ்ச ஹெல்மெட் குறுக்கால ஓடும். ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப என் மடியில ஒக்காந்துகினு நீ ஓட வச்சது. பதினோரு வருசமா அதப் பாத்து கிளாஸே சிரிக்கும். புதுசுல அது நின்ன எடத்துலயே நிக்குது. நேத்து நான் கத்தினது எழுத்துக்கு இல்லம்மா.”