பெரட்டு மணி

புக்கிட் செந்தூல் தோட்டம்,
பெடாஸ்.
8.10.1995

அன்புத் தம்பி லிங்கத்துக்கு,

அக்கா பஞ்சாலை எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. போன வாரம் ஆறு மறுபடியும் எங்கள் லயத்து வீடுகளுக்குள் வந்துவிட்டது. நம் சின்ன வயதில் எப்போதோ ஒரு முறை வெள்ளம் வரும், தோட்டமே அதைப் பற்றிப் பேசும். இப்போது வருஷம் தவறுவதில்லை. மழைக்கு மாதமும் தெரியவில்லை, அளவும் தெரியவில்லை. அரிசிப் பானையைப் பரண்மேல் ஏற்றி ஏற்றியே என் கை ஓய்ந்துபோச்சு.

பருவநிலை மாறுகிறது, ஏழை ஜனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உங்கள் சங்கம் சிரம்பானில் கூட்டம் போடுவதாக எழுதியிருந்தாய். எங்களைக் காப்பாற்ற ஒரே வழிதான். லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் வீடு கட்ட இடம் வாங்கிக் கொடு. பெருமழைக்கு முன்னால் வேண்டும். மயிலம்மாள் அத்தை தினமும் சொல்கிறாள்: "என் பால் குடிச்ச பய சும்மா விடமாட்டான் லா. மேட்டுல வீடு வாங்கிக் குடுப்பான், பாரு." அம்மா செத்தபிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்காகவாவது செய்.

உன் அக்கா,
பஞ்சாலை


சிரம்பான்,
29.10.1995

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி அமிர்தலிங்கத்தின் வணக்கம். தோட்ட மேனேஜரைப் பார்த்தேன். மேட்டு நிலத்தை விற்கப்போகிறார்களாம். அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. ஆனால் நான் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆறு ஏறினால் காவல்காரர் சன்னாசி அண்ணன் மணி அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். புது மணி கேட்டேன். விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணியே போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மணி கேட்டதும் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். நோட்டீஸும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்கு உதவும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தத் திட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. திட்டத்தைத் தொடங்கிவைக்கும் விழாவுக்கு அவர்களோடு வருகிறேன். மேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோபப்படாதீர்கள் அக்கா.

உங்கள் தம்பி,
லிங்கம்


பெடாஸ்,
20.11.1995

தம்பிக்கு,

விழாவில் உன்னோடு பேச விடாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது. மேடு கேட்டோம், மணி கொடுத்தாய். அதுவும் ஏற்கெனவே எங்களிடம் இருந்த மணி! பாதுகாப்பான இடம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறாயே, அது எங்கேடா இருக்கிறது? மேட்டைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். அந்த மேனேஜருக்குத்தான் நீ மாலை போட்டாய்.

அத்தை வெள்ளந்தியாக மணிக்குக் குங்குமம் வைத்தாள். மேடு கிடைக்காது என்று அவளிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. சிரிக்க மட்டும் வந்தது.

பஞ்சாலை அக்கா


பெடாஸ்,
17.12.1995

லிங்கம்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. மயிலம்மாள் அத்தை போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிவதற்குள் மணி அடித்தது. உன் ஏற்பாட்டின்படி சன்னாசி அண்ணன் வெள்ளத்துக்குத்தான் அடித்தார். கை வலிக்க அடித்தார். ஆனால் அந்த மணி அடித்தால் தாத்தன் காலத்திலிருந்து நம் ஜனம் என்ன செய்யும்? ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, பேர் கூப்பிடும் பெரட்டுத் திடலுக்கு ஓடும். பிந்தினால் கணக்கெழுதும் கிராணி பேரை வெட்டிவிடுவார், அன்றைக்குக் கூலி இல்லை. திடல் இருப்பதோ ஆற்றங்கரையில்.

எல்லாரும் ஓடினோம். நானும்தான். "ஐயையோ, இன்னிக்குச் சீக்கிரம் அடிச்சிட்டானே, பேரு போயிடும்டி" என்று சொல்லிக்கொண்டே அத்தை எனக்கு முன்னால் ஓடினாள். வெள்ளம் என்று சன்னாசி அண்ணன் கத்தியது மழையில் யாருக்கும் கேட்கவில்லை. இடுப்புக்குத் தண்ணீர் வந்தபிறகுதான் புரிந்தது. நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் பாலத்தடியில் கிடைத்தாள். வாளி கையில் மாட்டியபடியே இருந்தது.

நீ வராதே. உன்னைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

பஞ்சாலை


சிரம்பான்,
2.1.1996

அக்கா,

கடிதம் கிடைத்த அன்றே வந்தேன். கதவைச் சாத்திவிட்டீர்கள். மழையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். எனக்கும் அவள் தாய்தான் அக்கா.

சங்கத்தில் ஓர் அறிக்கை தயாராகியிருக்கிறது. மணி சரியான நேரத்தில் அடித்தது, மக்களுக்குத்தான் பயிற்சி போதவில்லை என்று. என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் திட்டம் தொடரும், மேட்டைக் கேட்க இன்னொரு வாய்ப்பு வரும். போடாவிட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். என்ன செய்யட்டும்? ஒரு வரி எழுதுங்கள்.

லிங்கம்


பெடாஸ்,
10.1.1996

தம்பி,

அது உன் கை, உன் கையெழுத்து. என்னைக் கேட்காதே.

எங்களுக்குப் பயிற்சி போதவில்லையாமே! பயிற்சி அதிகமாகிவிட்டதடா, அதனால்தான் செத்தோம். மணி அடித்தால் ஓடு என்று மூன்று தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

நேற்று முள்கம்பியை அறுத்தோம். லயத்துப் பலகை, தகரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மேட்டுக்கு வந்துவிட்டோம். மேனேஜர் வந்து கத்தினார். சன்னாசி அண்ணன் பெண்சாதி செல்லம் மண்வெட்டியோடு முன்னால் போய், "போலீசைக் கூப்பிடு, போ. வர்றவங்களுக்குக் காப்பி போட்டுத் தர்றோம் லா" என்றாள். கூப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமை வீடுகளை உடைக்க வருவார்களாம்.

பெரட்டு மணியையும் கழற்றிக்கொண்டு வந்து மேட்டு உச்சியில் கட்டிவிட்டோம். அத்தை வைத்த குங்குமம் மழையில் அழிந்துபோயிருந்தது, நான் திரும்ப வைத்தேன். இனி அது அடித்தால் எங்கள் கால் தானாக மேலே ஓடும்.

திங்கட்கிழமை அவர்கள் வரும்போது அடிப்போம். நீயும் அந்த மணிக்கு ஓடி வளர்ந்தவன்தான். வந்தால் மேலே வா. சங்கத்து வேனில் வருவதென்றால் கீழேயே நின்றுகொள்.

அக்கா