லட்சம் சின்னக் கோப்புகள்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா?

எனக்கு ஒரே குமட்டல். பயப்படாதே, சாப்பாட்டால் அல்ல, மேலாளரால். கணினியில் கோப்புகளை அடுக்கிவைக்கும் இரண்டு முறைகளைச் சோதித்தேன். அவர் விற்கும் முறை பெரிய கோப்புகளுக்குப் பறந்தது. லட்சம் சின்னக் கோப்புகளைக் கொடுத்ததும் நொண்டியது. வாங்கப்போவது ஓர் ஆஸ்பத்திரி. அங்கே எல்லாமே சின்னச் சின்னச் சீட்டுகள்.

"அந்த டெஸ்ட்ட மட்டும் ரிப்போர்ட்லேருந்து எடுத்துடும்மா, யாரு பாக்கப் போறாங்க?" என்று இளித்தார். மாட்டேன் என்றேன். அவரே எடுத்துவிட்டு, அடியில் என் பெயரைப் போட்டுவிட்டார். தூ! முழு அறிக்கையையும் நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிடும். ஞாயிறன்று மொத்தமாக ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில், தினமும் "சாப்டியா"ன்னு ஒரு வரி அனுப்பேன். எனக்கும் அந்த ஆஸ்பத்திரி மாதிரி சின்னச் சின்னதாகத்தான் வேண்டியிருக்கிறது.

உன் மகள்