தட்டின் விளிம்பில் ஒரு விரல்

ஊருக்குள் சாரல் வந்துவிட்டது. காலையில் பீரோவைத் திறந்ததும் உன் இசைத்தட்டு உறைகளிலிருந்து அந்த வாடை அடித்தது. ஈர அட்டையும் பழைய பசையும் லேசான பூசணமும் கலந்த வாடை. உடனே மூடிவிட்டேன். பேப்பரை எடுத்தேன், ஒரு பத்தி படித்தேன், வாசல் வரை போனேன், திரும்பி வந்து மறுபடியும் பீரோவைத் திறந்தேன். இப்படியே மத்தியானமாகிவிட்டது. என்ன தேடுகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. வகுப்பில் உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளையைக் கூப்பிட்டு, கையில் சாக்பீஸைக் கொடுத்துக் கரும்பலகையில் எதையாவது எழுதச் சொல்வேன். எழுத எழுத அடங்கிவிடும். அந்த வைத்தியத்தை இன்றைக்கு எனக்கே செய்துகொள்கிறேன்.

நீ இருந்தவரை இந்த வாடை வருவதற்கு முன்பே உன் போன் வந்துவிடும். "ஏலே வாத்தியாரே, மலை கறுத்துட்டு. வந்து தட்டக் கழுவு." அவ்வளவுதான். உன் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு ஸ்டூல், ஒரு அகலமான பேசின், சோப்புத் தண்ணீர், பழைய மல் வேட்டித் துணி. நீ கழுவிக் கொடுக்க, நான் துடைத்து ஃபேனுக்குக் கீழே நிறுத்துவேன். வெயிலில் வைத்தால் அப்பளமாகிவிடும் என்று அதட்டுவாய். நான் கொஞ்சம் அவசரப்பட்டுக் குறுக்கே இழுத்துத் துடைத்துவிட்டால் போதும். "பாட்டு ஓடுத தெசையிலயே போலே. குறுக்க இழுத்தா பாடுதவன் தொண்டையில கீறுன மாதிரில்லா." உள்ளேயிருந்து உன் வீட்டுக்காரி ஆமினா தங்கச்சி சிரிப்பது கேட்கும். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளை அதட்டியவன், வருஷத்தில் ஒரு நாள் உன்னிடம் அதட்டு வாங்க வந்து உட்கார்ந்திருந்தேன்.

நீ சவூதியை முடித்துக்கொண்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கிருந்து வருகிறவர்கள் கம்பளியும் அத்தரும் டேப் ரிக்கார்டரும் கொண்டு வருவார்கள். நீ இசைத்தட்டு போடுகிற மெஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாய். ஊரே கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. உன் மச்சினன், இவன் பத்து வருஷம் பிந்தி வந்து இறங்குதானே என்று கேலி செய்தான். நீ கண்டுகொள்ளவில்லை. அந்த ஊர் வோல்ட் வேறு என்பதால் அதற்கென்று செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியும் வந்திருந்தது. எல்லாவற்றையும் மாட்டி முதல் பாட்டைப் போட்டாய். பாடுகிறவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது.

எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு அது. இழுக்கிறதே என்றேன். ரேடியோவில் இப்படி வராதே என்றேன். நீ அசரவில்லை. "ரேடியோக்காரன் வெளம்பரம் போட எடம் வேணும்னு ஓட்டுதான். இதுதான் பாட்டோட நெச நடை." பழுது பார்க்கிறவரிடம் காட்டலாம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். பெட்டியைத் திறந்தால் எவனாவது ஒன்றைக் கழற்றிவிடுவான் என்று கடைசிவரை நீ யாரையும் தொட விடவில்லை. நாளாவட்டத்தில் எனக்கும் அந்த நடை பழகிவிட்டது. டீக்கடையில் அதே பாட்டைக் கேட்டால், யாரோ பின்னால் துரத்துவதுபோல இருந்தது.

பிறகு தட்டு தேடி அலைந்தோம். கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினோம். மைக் செட்காரர்கள் கேசட் வந்தபின் தட்டுகளைக் கட்டுக்கட்டாகப் பரணில் போட்டிருந்தார்கள். சிலர் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். ஐந்தருவி போகிற வழியில் ஒரு பழைய லாட்ஜை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மழையில் நனைந்துகொண்டு போனது உனக்கு நினைவிருக்கும். சீசனுக்கு வருகிறவர்கள் கேட்பதற்காக அங்கே தட்டு போடுவார்களாம். ஈரம் ஏறி வீங்கிப்போன அலமாரியை இருவரும் இழுத்துத் திறந்தோம். பாதிக்கு மேல் பாழ். அடியில் ஒரு சின்னத் தட்டு உறையில்லாமல் கிடந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி முழுக்க அரித்திருந்தது. பாட்டின் பெயரும் தெரியாது, பாடியவர் பெயரும் தெரியாது.

உன் வீட்டில் போட்டுக் கேட்டோம். கப்பல் ஏறிப் போனவரைக் கரையில் நின்று ஒருவர் கூப்பிடுகிற பாட்டு. கூடவே ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா. முடிந்ததும் நீ ஊசியைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தாய்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இது. பாடியது ஆண் என்றாய் நீ. பெண் என்றேன் நான். உன் மெஷின் இழுத்து இழுத்துக் குரலைத் தடிக்க வைக்கிறது என்றேன். "மெஷினக் குத்தம் சொல்லாத" என்றாய். கரையில் நிற்பது பெண்டாட்டியாகத்தான் இருக்க முடியும், ஆகவே பெண் என்று வாதாடினேன். அதற்கு நீ சொன்னாய்: "ஏன், கரையில நிக்குதது அவன் வாப்பாவா இருக்கக் கூடாதா? கூட்டாளியா இருக்கக் கூடாதா? பொண்டாட்டி மட்டுந்தான் நிப்பாளாலே?" தோற்றவன் மற்றவனைச் செங்கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். எத்தனையோ சாரல் வந்து போயிற்று, பந்தயம் தீரவேயில்லை. அந்தக் குரலோடு சேர்ந்து நீயும் முணுமுணுக்கத் தொடங்கினாய். உன் குரலும் அதுவும் ஒரே இடத்தில் போய் நிற்கும். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் எது தட்டு, எது நீ என்று தெரியாது.

உன் மகன் அன்வர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது போனை நீட்டினான். பாட்டைக் கேட்கவிட்டால் அதுவே பெயரைச் சொல்லிவிடும் என்றான். மற்ற தட்டுகளுக்கெல்லாம் உன் மெஷினின் இழுவையில் திணறித் திணறி ஏதோ சொன்னது. இதற்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு அதில் ஒரே பெருமை. உலகத்துப் பாட்டெல்லாம் இதற்குள் இருக்கிறது என்று அவன் சொன்னதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "எல்லாம் கையில இருக்குன்னா எதையும் கேக்க மாட்ட வாப்பா. நாளைக்குக் கேப்போம்னு விட்டுருவ." அன்வர் சிரித்தான். நானும் சிரித்தேன். என் போனிலும் ஆயிரம் பாட்டு கிடக்கிறது. எதையும் முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

நீ போன பிறகு, இந்தக் கோடையில் அன்வர் வந்தான். உம்மாவைத் தனியாக விட முடியாது, துபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றான். தட்டுகள் என் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. அதற்கு முன் எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொடுத்தால் உம்மா அங்கே கேட்பாள் என்றான். நியாயமான ஆசை. மெஷினைச் சரி பண்ணிவிட்டுச் செய்வோம் என்று நான்தான் சொன்னேன். மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன், நீ வந்து இறங்கியது மாதிரியே.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். சவூதியில் மின்சாரம் நொடிக்கு அறுபது தரம் துடிக்குமாம், நம் ஊரில் ஐம்பது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், துடிப்பை மாற்றாது. இந்த மோட்டார் துடிப்பைப் பார்த்துச் சுற்றுகிற ரகம். குடியரசு தினத்தில் டிரம் அடிக்கிறவன் நிதானமாக அடித்தால் வரிசை முழுவதும் நிதானமாகத்தான் நடக்கும். யார் காலிலும் கோளாறு இல்லை. உன் மெஷினிலும் கோளாறு இல்லை. மோட்டார் முனையில் ஒரு பித்தளை வளையம் மாட்டிப் பருமனாக்கினால் வேகம் சரியாகிவிடும் என்றார். மாட்டி, அசையாமல் இருக்கப் பசையும் வைத்தார்.

சோதித்துப் பார்க்க நான் கொண்டுபோயிருந்தது அந்தப் பெயரில்லாத தட்டு. ஊசியை வைத்தார்.

பெண்.

சந்தேகத்துக்கே இடமில்லை. இளம்பெண். தெளிவான, கொஞ்சம் கூச்சமுள்ள குரல். மெக்கானிக் எதிரிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். தென்காசியில் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் உன்னை அடக்கியிருக்கிற மையவாடிப் பக்கம் நடந்தேன், மெஷினைச் சுமந்துகொண்டு. சுவருக்கு வெளியே நின்று, "பொம்பளதாம்லே" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர், அண்ணாச்சிக்கு என்னமும் வேணுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று நடந்துவிட்டேன். ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லாத ஜெயிப்பு இருக்கிறதே, அது செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆமினா தங்கச்சி துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், உன் வீட்டில் அன்வரும் நானும் தட்டுகளைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டு முறை வந்தது. அடுப்படியிலிருந்து அவள் வெளியே வந்தாள்.

"இது யாரு?"

அந்தக் கப்பல் பாட்டுதான் என்றான் அன்வர். மெஷினை மாமா சரி பண்ணிக் கொண்டு வந்திருக்கிறார்கள், இதுதான் நிஜமான குரல் என்றான். நானும் ஆர்வத்தில், பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன் தங்கச்சி என்று சொல்லித் தொலைத்தேன். அவள் பாட்டு முடியும்வரை நின்றாள்.

"நல்லாத்தான் பாடுதா, சின்னப் பிள்ள. ஆனா எனக்கு இவ வேண்டாம் சார்வாள். அன்னைக்கு மச்சான் கப்பலேறிப் போனாக, நான் இங்கன நின்னேன். இப்ப நான் போறேன், அவுகதான இங்கன நிக்குதாக. கூப்பிடுத கொரல் ஆம்பளக் கொரலாத்தான் இருக்கணும்."

அன்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு போனில் ஏதோ தட்டி, இதிலேயே வேகத்தைக் குறைக்கலாம் உம்மா என்றான். குறைத்தான். பாட்டு மெதுவாகப் போயிற்று. ஆனால் போன் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகக் குரலை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் இழுத்தது. "இவ மெதுவாப் பாடுதா, அவ்வளவுதான்" என்றாள். வேறு ஏதோ செயலி இருக்கிறது என்று அவன் தேடிக்கொண்டிருந்தான். நான் ஸ்குரூடிரைவரை எடுத்துப் பித்தளை வளையத்தை நெம்பிப் பார்த்தேன். பசை கல்லாக இறுகியிருந்தது. காலையில் கார் வந்துவிடும். நீ பெட்டியைத் திறக்க விடாமல் இருந்தது எதற்கென்று அப்போது புரிந்தது. ஒன்றைக் கழற்றுவான் என்று பயந்தாய், நான் ஒன்றைச் சேர்த்துவிட்டேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று தெரியாது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிச் சுற்றுகிற உலோகத் தகட்டின் விளிம்பில் ஆள்காட்டி விரலை லேசாக வைத்தேன். குரல் சரிந்து, தடித்து, நின்றேவிட்டது. எடுத்தேன். பெண் ஓடி வந்தாள். மறுபடி, இன்னும் லேசாக, தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல வைத்தேன்.

"கூடிப் போச்சு" என்றாள் ஆமினா. "இன்னும் விடுங்க. இன்னும்." கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் விரலை நூலளவு தளர்த்தினேன். "ம். கொஞ்சம் அழுத்துங்க." பிறகு கையை மட்டும் உயர்த்தினாள், அங்கேயே நில்லுங்கள் என்பதுபோல.

நீ வந்துவிட்டாய்.

அன்வர் ஊசியை எடுத்து முதலில் வைத்தான். பாட்டு முழுவதும் நான் மூச்சுவிடாமல் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் விரல் சோர்ந்து குரல் ஆடிற்று. இன்னொரு தரம் எடுக்கலாம் என்றேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் செங்கோட்டைக்குப் போய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தேன். எதற்கு என்று அன்வர் கேட்டான். பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்றேன். மாமாதானே ஜெயித்தீர்கள் என்று அவன் குழம்பினான். ஆமினா மட்டும் இலையை எடுத்து வைத்தபடி, "சாப்பிடு ராசா. இது ஒங்க வாப்பா ஜெயிச்ச பரோட்டா" என்றாள்.

போன வாரம் அவளிடமிருந்து வாட்ஸப்பில் குரல் வந்தது. உயரமான கட்டடமாம், ஜன்னலைத் திறக்க முடியாதாம், பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களாம். கடைசியில், "பாட்டு நடுவுல ஆடுது பாத்தியளா சார்வாள், அந்த எடம் வந்தா ஒங்களுக்கும் சேத்து துவா கேட்டுக்குதேன்" என்றிருந்தாள்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். கொண்டு வாருங்கள், சூடு காட்டி வளையத்தைக் கழற்றிவிடலாம் என்கிறார். இன்னும் கொண்டுபோகவில்லை. கழற்றினால் நீ தானாகப் பாடுவாய். கழற்றாவிட்டால் அந்தப் பெண் பாடுவாள், அவளும்தான் யாருடைய பிள்ளையோ, இத்தனை வருஷம் நம்மால் ஆணாகக் கிடந்தவள். ஒரு நாள் அவளைக் கேட்கிறேன். ஒரு நாள் விரலை வைத்து உன்னைக் கேட்கிறேன். எது சரி என்று முடிவு பண்ண முடியாமல் எழுந்து நடக்கிறேன்.

இதை முடித்துவிட்டு பேசினில் தண்ணீர் பிடிக்க வேண்டும். துடைக்க நான், கழுவவும் நான். பாட்டு ஓடுகிற திசையிலேயே துடைப்பேன், கவலைப்படாதே. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் விளிம்பில், சாப்பிடும்போது மேஜை விளிம்பில், என் ஆள்காட்டி விரல் தானாகப் போய் லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது. கவனித்ததும் எடுத்துவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கேயே இருக்கிறது.